ஃபைபர் வச்சு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: பழைய ப்ரோப் போயிடுமா?

நீங்க கேட்டது மூணு விஷயம். ஃபைபர் ஆப்டிக் சென்சார்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம்னு படிச்சிருக்கீங்க, அப்படின்னா ஜெல் தடவி வயித்துல வச்சு அமுக்குற ப்ரோப் எல்லாம் காணாம போயிடுமா, வெளிச்சம் எப்படி சதைக்குள்ள அவ்வளவு ஆழம் போயிட்டு திரும்பி வரும், ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இத எடுக்கலாமா. இதுல நடுக்கேள்விதான் நிஜமான கேள்வி, மத்த ரெண்டும் அதுலேந்து கிளம்பின குழப்பம்தான். அதனால முதல்லயே சொல்லிடறேன், வெளிச்சம் உடம்புக்குள்ள போகவே இல்லீங்க. உடம்புக்குள்ள போயிட்டு வர்றது எப்பவும் போல சத்தம்தான். வெளிச்சம் ஃபைபர் நுனி வரைக்கும் வந்து, அந்த சத்தம் நுனிய எவ்வளவு அமுக்குச்சுன்னு பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடும். அதாவது ஃபைபர் இங்க கண்ணு இல்ல, காது.

நான் டாக்டர் இல்ல. ஆப்டிக்ஸ் படிச்சவன், ஃபைபர் நுனில சென்சார் செஞ்சு தண்ணித் தொட்டில முக்கி டெஸ்ட் பண்றதுலயே பல வருஷம் போயிருக்கு. அதனால சென்சார் பக்கம் தைரியமா பேசுவேன், எந்த நோயாளிக்கு எந்த ஸ்கேன்ங்கிறது என் வேலை இல்ல, அத என்கிட்ட கேக்காதீங்க.

முதல்ல இப்ப இருக்கிற ப்ரோப்ல என்ன குறைன்னு பாக்கணும், இல்லன்னா இந்த ஃபைபர் வேலையெல்லாம் எதுக்குன்னே புரியாது. சாதாரண ப்ரோப்புக்குள்ள பீசோ பொருள்தான் இருக்கு, பெரும்பாலும் பிஇசட்டி செராமிக். அமுக்கினா கரண்ட் வரும், கரண்ட் குடுத்தா அதிரும். 1880ல கியூரி சகோதரர்கள் கண்டுபிடிச்ச சமாச்சாரம், இன்னிக்கு வரைக்கும் அதுதான் ராஜா. வயித்துல வைக்கிற ப்ரோப்புல இடத்துக்குப் பஞ்சம் இல்ல, நூத்துக்கணக்குல எலிமெண்ட் (பீசோ துண்டு) வரிசையா வச்சு, ஒண்ணொண்ணுக்கும் ஒரு வயர் இழுத்து, அருமையா படம் எடுக்கறாங்க. அந்த இடத்துல ஃபைபர் போய் போட்டி போடவே போறதில்ல, போட்டாலும் ஜெயிக்காது. உங்க முதல் கேள்விக்கு பதில் இவ்வளவுதான்.

பிரச்சன எங்க வருதுன்னா, இதே வேலைய ஒரு ரத்தக்குழாய்க்குள்ளயோ ஊசிக்குள்ளயோ செய்யணும்னு வரும்போது. கதீட்டர் (உடம்புக்குள்ள விடுற மெல்லிசு குழாய்) உலகத்துல 3 ஃப்ரெஞ்ச்னு ஒரு சைஸ் சொல்வாங்க, அது வெறும் 1 மி.மீ. விட்டம். பீசோ எலிமெண்ட சின்னதாக்க சின்னதாக்க அதுலேந்து வர்ற சிக்னல் குறைஞ்சுக்கிட்டே போகும், ஏன்னா பரப்பளவு குறையுது, அதோட கெப்பாசிட்டன்ஸும் (மின்சாரத்த தேக்கி வைக்கிற திறன்) குறையுது, அப்புறம் மீட்டர் கணக்குல ஓடுற மெல்லிசு கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் மிச்சம் மீதி சிக்னலயும் முழுங்கிடும். பெருசா வச்சா நேரா எதிர்ல இருக்கிறது மட்டும்தான் நல்லா கேக்கும், சாய்வா வர்ற சத்தம் விட்டுப்போகும். சின்னதா வச்சா எல்லாத் திசையும் கேக்கும் ஆனா காது மந்தம். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டதுதான் பீசோவோட கஷ்டம். சின்னதாவும் இருக்கணும், காதும் மந்தமாகக் கூடாதுங்கிறதுக்காகத்தான் ஃபைபர் உள்ள வருது, மத்த பெருமையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சரி, எப்படி கேக்குது? டெலிகாம்ல ஓடுற அதே சிங்கிள் மோட் ஃபைபர்தான், கண்ணாடி 125 மைக்ரான் தடிமன், வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி 9 மைக்ரான் மாதிரி. நுனிய நேரா வெட்டி, அதுல ஒரு மெல்லிய கண்ணாடிப்பூச்சு, அதாவது ரசம் பூசின மாதிரி ஒரு மிரர், அதுக்கு மேல சில பத்து மைக்ரான் தடிமனுக்கு ஒரு பாலிமர் படலம் (பேரிலீன் ரொம்ப பிரபலம்), அதுக்கு மேல இன்னொரு மிரர். ரெண்டு கண்ணாடிய எதிரெதிரா வச்சு நடுவுல நின்னா நம்ம உருவம் உள்ள உள்ள போய்க்கிட்டே இருக்குமே, அதே மாதிரி வெளிச்சம் இந்த ரெண்டு மிரருக்கு நடுவுல முன்னும் பின்னும் அடிச்சுக்கிட்டே இருக்கும். இதுக்கு ஃபேப்ரி பெரோன்னு பேரு. சத்தம் வந்து மோதினா படலம் அமுங்கும், விரியும், மிரருக்கு நடுவுல இருக்கிற தூரம் மாறும், திரும்பி வர்ற வெளிச்சத்தோட அளவு மாறும். அந்த ஏற்ற இறக்கத்த வெளிச்சத்த கரண்ட்டா மாத்துற ஒரு போட்டோடையோட்ல புடிச்சா அதுதான் சிக்னல்.

எவ்வளவு அமுங்கும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, நான் முதல்தடவ போட்டப்ப நம்பல. படலம் 40 மைக்ரான், பேரிலீனோட யங்ஸ் மாடுலஸ் (எவ்வளவு விறைப்புங்கிற அளவு) 3 கிகாபாஸ்கல் பக்கம், வர்ற சத்தம் 1 கிலோபாஸ்கல்னு வச்சுக்கோங்க. 40 மைக்ரானை 1000ஆல பெருக்கி 300 கோடியால வகுத்தா 13 பிகோமீட்டர் வருது. ஒரு அணுவே 100 பிகோமீட்டருக்கு மேல இருக்கும். அதாவது படலம் ஒரு அணு அகலத்துல பத்துல ஒரு பங்கு மாதிரிதான் அமுங்குது, அதையும் அளக்கறோம். ஒரு தடவ மோதிட்டு போற வெளிச்சத்துல இது தெரியாது, நூத்துக்கணக்குல தடவ உள்ளயே அடிபட்டு வர்றதாலதான் அந்த துளி மாற்றம் பெருகி கண்ணுக்குத் தெரியுது. அதுக்கும் லேசரோட அலைநீளத்த சரியா ஒரு இடத்துல நிறுத்தணும். வெளிச்சம் திரும்புற அளவ அலைநீளத்துக்கு எதிரா வரைஞ்சா நடுவுல ஒரு பள்ளம் வரும், அந்த பள்ளத்தோட சரிவுல எங்க ரொம்ப செங்குத்தா இருக்கோ அங்கதான் லேசர நிறுத்தணும். பள்ளத்து அடியில நிறுத்தினா ஒண்ணும் கேக்காது.

இந்த நிறுத்துற வேலைதான் எங்க தலைவலியே. பிராக் கிரேட்டிங்னு இன்னொரு வகை சென்சார் இருக்கு, ஃபைபரோட உள்பகுதியிலயே அடுக்கடுக்கா ஒளிவிலகல் மாத்தி எழுதினது, நடுவுல ஒரு தடங்கல் வச்சா ரொம்ப குறுகலான பள்ளம் கிடைக்கும், சில பிகோமீட்டர் அகலம்தான். குறுகலா இருந்தா சரிவு செங்குத்து, சென்சிட்டிவிட்டி ஜாஸ்தி, சந்தோஷம்தான். ஆனா 1550 நானோமீட்டர்ல பிராக் கிரேட்டிங் ஒரு டிகிரி சூட்டுக்கு 10 பிகோமீட்டர் நகரும். அதாவது ஒரு டிகிரி சூடு ஏறினா சென்சார் மொத்தமா லேசர் கைய விட்டு ஓடிடும். ரூம்ல ஏசி ஆன் ஆகி ஆஃப் ஆகுறத சிக்னல் பாத்தே சொல்லிடலாம். நல்லவேளையா சூடு மெதுவா மாறும், அல்ட்ராசவுண்ட் ஒரு நொடிக்கு லட்சக்கணக்குல கோடிக்கணக்குல ஆடும், அதனால லேசர் மெதுவா பின்னாடியே துரத்திக்கிட்டு போற மாதிரி ஒரு லாக் போட்டு சமாளிக்கலாம். ஒரு ஃபைபருக்கு சமாளிக்கலாம், நூறு ஃபைபர் வச்சா நூறும் வேற வேற அலைநீளத்துல நிக்கும், ஒரே லேசர் எல்லாத்துக்கும் பொருந்தாது. நிறைய சென்சார வரிசையா அடுக்கி பெரிய அர்ரே செய்ய இது முக்கியமான முட்டுக்கட்டை.

சென்சிட்டிவிட்டி எவ்வளவு முன்னேறியிருக்குன்னா, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல (யூசிஎல்) பால் பேர்ட் குழு 2008ல வெளியிட்ட தட்டையான படலம் வச்ச ஸ்கேனர்ல நாய்ஸ், அதாவது இதுக்குக் கீழ இருக்கிற சத்தம் கேக்காதுங்கிற அளவு, 20 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 200 பாஸ்கல் சொச்சம். நம்மள சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தமே 1 லட்சம் பாஸ்கல்னு நினைச்சா இதுவே சின்னதுதான், ஆனா ஆழத்துலேந்து வர்ற எதிரொலி இதுக்குள்ள முங்கிடும். தட்டையான ரெண்டு மிரருக்கு நடுவுல வெளிச்சம் அடிச்சுக்கிட்டே இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு பக்கவாட்டுல கசிஞ்சுடும், அதுதான் எல்லை போட்டுச்சு. 2017ல அதே குழு மேல் மிரர தட்டையா வைக்காம ஒரு பாலிமர் துளி மாதிரி குமிழா வச்சாங்க. விரியற வெளிச்சத்த அந்த வளைவு திரும்ப மடக்கி உள்ள அனுப்பும். அவ்வளவுதான் மாற்றம், ஆனா நாய்ஸ் பல மடங்கு இறங்கிடுச்சு, அதே 20 மெகாஹெர்ட்ஸுக்கு கணக்கு போட்டா பத்து பாஸ்கலுக்கும் கீழ. எனக்கு இந்த துறையில ரொம்ப பிடிச்ச ஐடியா எதுன்னு கேட்டா இதுதான், புது பொருள் இல்ல, புது லேசர் இல்ல, ஒரு துளி. 2020ல மியூனிக்ல சிலிக்கான் சிப்புல 1 மைக்ரானுக்கும் சின்ன டிடெக்டர் காட்டினாங்க, அதுவும் அழகான வேலைதான், ஆனா அது சிப்பு, ஃபைபர் இல்ல, உங்க கேள்விக்கு கொஞ்சம் தள்ளி.

இதுவரைக்கும் காது மட்டும்தான் பேசினோம். வாய் வேணுமே, யாராவது சத்தம் போட்டாத்தானே எதிரொலி வரும். அதையும் வெளிச்சத்தாலயே பண்ணலாம். இன்னொரு ஃபைபர் நுனில கார்பன் நானோட்யூப் கலந்த சிலிக்கோன் ரப்பர் (பிடிஎம்எஸ்) கொஞ்சம் பூசி, சில நானோசெகண்ட் லேசர் பல்ஸ் அடிச்சா அந்த கருப்புப் பூச்சு வெளிச்சத்த முழுங்கி சட்டுனு சூடாகி விரியும், அந்த விரியறதே அல்ட்ராசவுண்ட் பல்ஸ். கார்பன் வெளிச்சத்த வாங்கிக்கும், ரப்பர் நல்லா விரியும், ஜோடிப் பொருத்தம் அப்படி. வெளிச்சத்தால சத்தம் வரும்னு கிரஹாம் பெல் சொன்னதும் 1880லதான், கியூரிங்க பீசோ சொன்ன அதே வருஷம். ஒண்ணு முதல் உலகப்போர் சமயத்துலேயே வேலைக்கு வந்துருச்சு, இன்னொண்ணு லேசர் வர்ற வரைக்கும் எண்பது வருஷம் பெரும்பாலும் தூங்குச்சு.

இங்க ஒரு திருத்தம் சொல்லணும், மேல வெளிச்சம் உடம்புக்குள்ள போகலன்னு அடிச்சு சொன்னேன். அந்த கருப்புப் பூச்சு இல்லாம பல்ஸ நேரா சதைக்குள்ள விட்டா ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் வெளிச்சத்த வாங்கி அதுவே சத்தம் போடும், அதையும் இதே காதால கேக்கலாம். இதுக்கு ஃபோட்டோஅக்கூஸ்டிக் இமேஜிங்னு பேரு, இதுல வெளிச்சம் உள்ள போகும், ஆனா ஒருவழிப் பயணம்தான், திரும்பி வர்றது சத்தம். நீங்க படிச்ச கட்டுரையில ரெண்டையும் கலந்து எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிறேன், நிறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க. ஓசிடின்னு (ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி) இன்னொண்ணு இருக்கு, அதுவும் ஃபைபர்தான், அதுவும் ரத்தக்குழாய்க்குள்ள போகும், ஆனா அது போறதும் வெளிச்சம் வர்றதும் வெளிச்சம், அதனால ரிசல்யூஷன் 10, 20 மைக்ரான் வரைக்கும் பிரமாதமா இருந்தாலும் ஆழம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டரோட நின்னுடும். அதையும் இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

துல்லியம் ஜாஸ்தியான்னு கேட்டா, பாதி ஆமா. சதைக்குள்ள சத்தம் நொடிக்கு 1540 மீட்டர் வேகத்துல போகும், எவ்வளவு அகலமான ஃப்ரீக்வென்ஸி பட்டைய புடிக்க முடியுதோ அவ்வளவு நெருக்கமான ரெண்டு லேயர பிரிச்சுப் பாக்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு கணக்கு 38 மைக்ரான் மாதிரி வரும். பீசோ ஒரு ஃப்ரீக்வென்ஸில மணி மாதிரி கணகணன்னு அடிக்கும், அத அடக்க பின்னாடி ஏதாவது ஒட்டணும். லேசர் பல்ஸால வர்ற சத்தமும் பாலிமர் படலக் காதும் இயல்பாவே அகலமான பட்டை, இது நிஜமான லாபம். ஆனா மிச்ச பாதி, உடம்போட சட்டம் யாருக்கும் மாறாது. சதை ஒரு செ.மீ.க்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபெல் மாதிரி சத்தத்த தின்னும். 20 மெகாஹெர்ட்ஸ்ல 1 செ.மீ. ஆழம் போயிட்டு வந்தா 20 டெசிபெல் போச்சு, தாங்கலாம். 5 செ.மீ. போயிட்டு வந்தா 100 டெசிபெல், அப்ப திரும்பி வர்றது ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். அதனால ஃபைபர் வச்சு வெளியிலேந்து கல்லீரல் பாக்கலாமான்னு யாராவது கேட்டா சிரிச்சுட்டு போயிடுவேன். ஃபைபரோட வேலை பக்கத்துல போய் நின்னு கேக்குறது.

அப்படி நின்னு கேட்டதுக்கு நல்ல உதாரணம், 2017ல யூசிஎல் குழு பன்னியோட இதயத்துல செஞ்சது. இதயத்தோட மேல் ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கிற சுவர ஊசியால குத்தி அந்தப்பக்கம் போற ஒரு சிகிச்சை இருக்கு, குத்துற ஊசிக்குள்ளயே ரெண்டு ஃபைபர், ஒண்ணு வாய், ஒண்ணு காது. நுனிக்கு முன்னாடி என்ன இருக்கு, சுவர் எவ்வளவு தூரம், குத்தினதும் என்ன ஆச்சுன்னு ரெண்டு செ.மீ.க்கு மேல ஆழம் வரைக்கும் ஓடுற கோடா தெரிஞ்சுது. கவனிங்க, படம்னு நாம நினைக்கிற விசிறி மாதிரி படம் இல்ல. ஒரு ஃபைபர் ஒரே திசைல ஒரு கோடு மட்டும்தான் குடுக்கும், நேரம் ஓட ஓட அந்தக் கோட்ட பக்கத்துல பக்கத்துல அடுக்கினா எம் மோடு படம். முழு ரெண்டு பரிமாண படம் வேணும்னா ஃபைபர நகர்த்தணும், இல்ல சுழட்டணும், இல்ல லேசர் புள்ளிய ஒரு பூச்சு மேல ஓட்டி இல்லாத எலிமெண்ட எல்லாம் இருக்கிற மாதிரி கணக்குல கூட்டணும். அதெல்லாம் நடக்குது, ஆனா நேரம் எடுக்கும், இதயம் அதுவரைக்கும் ஆடாம நிக்காது.

எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சா, ஃபைபர் அல்ட்ராசவுண்ட நல்லா கேக்கும்ங்கிறதுல சந்தேகமே இல்ல. சிறுநீரகக் கல் உடைக்கிற ஷாக்வேவ் அளக்க 1990களோட தொடக்கத்துலயே ஸ்டுட்கார்ட்ல ஐசன்மெங்கர் குழு வெறும் ஃபைபர் நுனியயே ஹைட்ரோஃபோனா (தண்ணிக்குள்ள சத்தம் அளக்குற மைக்) பயன்படுத்தினாங்க. பீசோ ஹைட்ரோஃபோன் அந்த அடியில உடைஞ்சு போகும், ஃபைபர் நுனி உடைஞ்சா வெட்டிட்டு அடுத்த நுனிய நீட்டலாம். கரண்ட் எதுவும் நுனிக்கு போறதில்லங்கிறதால எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளயும் வச்சுக்கலாம், ரேடியோ அலையோ கரண்ட்டோ ஓடுற கருவி இருக்கிற இடத்துலயும் சிக்னல் கெடாது, இதுவும் உறுதி. இதயத்து ரத்தக்குழாய்ல அழுத்தம் அளக்க 0.014 அங்குல கைட்வயர் (ரத்தக்குழாய்க்குள்ள வழி காட்டுற மெல்லிசு கம்பி) நுனில இதே ஃபேப்ரி பெரோ வகை ஆப்டிகல் சென்சார் ஆஸ்பத்திரிகள்ல நிஜமாவே பயன்படுது, ஆனா அது இதயத் துடிப்போட வேகத்துல மாறுற ரத்த அழுத்தத்த அளக்குது, மெகாஹெர்ட்ஸ் இல்ல, அத காட்டி இதுவும் வந்துருச்சுன்னு சொல்றது ஏமாத்து. ஃபைபர் அல்ட்ராசவுண்ட் தினசரி ஆஸ்பத்திரி வேலைக்கு வருமாங்கிறதுதான் சந்தேகத்துல நிக்குது. நுனி மலிவா செஞ்சு ஒரு தடவ பயன்படுத்திட்டு தூக்கிப்போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லியிருக்கேன், ஆனா நுனி மலிவு, அதுக்குப் பின்னாடி இருக்கிற பெட்டிக்குள்ள ட்யூன் ஆகுற லேசரும் பல்ஸ் லேசரும் மலிவு இல்ல. ஆயிரம் நுனி செஞ்சா ஆயிரமும் ஒரே மாதிரி வரணும், எங்க அனுபவத்துல பத்து செஞ்சாலே பத்தும் பத்து மாதிரிதான்.

ப்ராஜெக்ட் பத்தி. எடுக்கலாம், ஆனா ஸ்கேன் படம் எடுத்துக் காட்டறேன்னு தலைப்பு குடுக்காதீங்க, ஒரு செமஸ்டர்ல நடக்காது. ஒரே ஒரு சென்சார், ஒரு தண்ணித் தொட்டி, ஒரு சாதாரண பீசோ ட்ரான்ஸ்டியூசர் சத்தம் போட, உங்க ஃபைபர் கேக்கட்டும். அத ஒரு கேலிபிரேட் பண்ண ஹைட்ரோஃபோனோட ஒப்பிட்டு எவ்வளவு பாஸ்கல் வரைக்கும் கேக்குது, எந்த ஃப்ரீக்வென்ஸி வரைக்கும் கேக்குது, திசை மாறினா எவ்வளவு குறையுதுன்னு மூணு வரைபடம் போட்டீங்கன்னா அதுவே நல்ல ப்ராஜெக்ட். லேசர் கைல படாம, கண்ணுல படாம பாத்துக்கோங்க, 1550 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, ஃபைபர் கழண்டு கிடந்தா வெளிச்சம் வருதா இல்லையான்னு பாத்து சொல்ல முடியாது, நுனிய மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பாக்குற பழக்கமே வேண்டாம்.

அப்புறம் நான் பட்ட ஒரு கஷ்டத்த மட்டும் சொல்லிட்டு முடிச்சிடறேன். ஆரம்பத்துல ஒரு நாள் புதுசா பூசின நுனிய தண்ணில இறக்கினேன், சிக்னலே இல்ல. லேசர மாத்தினேன், கனெக்டர துடைச்சேன், போட்டோடையோட சந்தேகப்பட்டேன், ஆம்ப்ளிஃபையர கழட்டினேன், மத்தியானம் போச்சு. கடைசியில ஒரு லென்ஸ எடுத்து தொட்டி பக்கவாட்டுலேந்து பாத்தா நுனியில கடுகுல பாதி சைஸ்ல ஒரு காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. காத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல அல்ட்ராசவுண்ட் அப்படியே திரும்பிடும், அந்தப்பக்கம் போகாது, ஜெல் தடவுறதே அதுக்குத்தானே. குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தியிருந்தேன், அதுல கரைஞ்சிருந்த காத்துதான் மெதுவா வந்து நுனியில சேந்திருக்கு. தண்ணிய நல்லா கொதிக்க வச்சு மூடி ஆற விட்டு, இல்ல வேக்கம்ல காத்த எடுத்துட்டு, கலக்காம மெதுவா ஊத்துங்க, நுனிய சாய்வா இறக்குங்க, இறக்கினதும் முதல்ல லென்ஸ்ல பாத்துட்டு அப்புறம் லேசர ஆன் பண்ணுங்க.